நடன இசைக்குப் பகலிலும் இடம் வேண்டும்

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சொந்தமாக வானொலி நிலையம் வைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றை மாணவர்களே முன்னின்று நடத்துகின்றனர். பாடல்களைத் தேர்ந்தெடுப்பது, அறிவிப்புச் செய்வது, செய்தி வாசிப்பது ஆகிய பொறுப்புகளை அவர்களே ஏற்கின்றனர். அந்நாட்டின் பண்பலை வரிசையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, வணிக நோக்கமற்ற கல்வி ஒலிபரப்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. கல்லூரி வானொலிகள் பல இப்பகுதியில் இயங்குகின்றன. பல்கலைக்கழகம் வழங்கும் நிதியும் நேயர்கள் தரும் நன்கொடையும் அவற்றைத் தாங்குகின்றன. எனவே, விளம்பரதாரர் விரும்பும் பாடலைத்தான் ஒலிபரப்ப வேண்டும் என்ற நெருக்கடி அவற்றுக்கு இல்லை.

இத்தகைய சுதந்திரம் இருந்தும், நடன இசைக்குப் பல நிலையங்களில் கிடைப்பது இரவு நேரம் மட்டுமே. ராக் இசை பகலில் ஒலிக்கிறது. ஜாஸ் இசைக்கும் நாட்டுப்புற இசைக்கும் தனி நிகழ்ச்சிகள் உண்டு. ஹவுஸ், டெக்னோ போன்ற நடன இசை வகைகளோ பெரும்பாலோர் உறங்கிய பிறகே காற்றில் ஏறுகின்றன. நல்ல இசை குடத்திலிட்ட விளக்குப் போல் மறைந்து கிடக்கிறது. இந்நிலை மாற வேண்டும்.

நடன இசையின் வரலாற்றிலேயே வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. 1970களில் டிஸ்கோ இசை அமெரிக்க வானொலிகளில் கொடிகட்டிப் பறந்தது. 1979 ஜூலை 12ஆம் நாள், சிகாகோ நகரின் பேஸ்பால் திடல் ஒன்றில், ராக் வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் தலைமையில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அதனை அடுத்து வணிக வானொலிகள் பல டிஸ்கோவைக் கைவிட்டன. ஆனால், அதே நகரில் 1977இல் திறக்கப்பட்ட வேர்ஹவுஸ் என்னும் நடன விடுதியில், ஃபிராங்கி நக்கல்ஸ் என்ற கலைஞர் இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து இசைத்துவந்தார். கறுப்பின இளைஞர்களும் லத்தீன் அமெரிக்க இளைஞர்களும் அங்குத் திரண்டனர். ஹவுஸ் இசை அச்சூழலில்தான் உருப்பெற்றது. அவ்விடுதியின் பெயரிலிருந்தே அந்த இசைக்குப் பெயர் வந்தது என்பர். 1980களில் சிகாகோ வானொலியில் ஒலித்த இசைக் கலவை நிகழ்ச்சிகளை இளைஞர்கள் ஒலிநாடாவில் பதிவுசெய்து மீண்டும் மீண்டும் கேட்டனர். விடுதிக்குள் இருந்த இசை வீடுகளுக்குள் நுழைந்தது.

டெட்ராய்ட் நகரின் கதையும் இதையே உணர்த்துகிறது. அங்கு எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற புனைபெயர் கொண்ட அறிவிப்பாளர், எவ்வித எல்லையும் வகுக்காமல் பலவகை இசையை ஒலிபரப்பினார். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மின்னணு இசையும் அவர் நிகழ்ச்சியில் ஒலித்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுள் ஹுவான் அட்கின்ஸ் ஒருவர். அவரும் அவருடைய பள்ளித் தோழர்களான டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோரும் பின்னர் டெக்னோ இசையின் முன்னோடிகள் ஆயினர். இன்று கேட்பவரே நாளை படைப்பவர் ஆகிறார் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் மது அருந்தச் சட்டம் அனுமதிக்கும் வயது 21 ஆகும். அதனால், நடன விடுதிகள் பலவும் 21 வயது நிறையாதோரை உள்ளே விடுவதில்லை. கல்லூரியில் சேரும் மாணவர்களோ பெரும்பாலும் 18 வயதினர். தங்கள் தலைமுறையின் இசையை நேரில் கேட்க அவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடக்கூடியது கல்லூரி வானொலிதான்.

கல்லூரி வானொலிக்கு இந்த ஆற்றல் உண்டா என்று ஐயுறத் தேவையில்லை. 1980இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் தோன்றிய ஆர்.இ.எம். என்ற ராக் குழுவை முதலில் தாங்கிப் பிடித்தவை கல்லூரி வானொலிகளே. அக்குழு பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. ராக் இசைக்குச் செய்ததை நடன இசைக்கும் செய்யலாம். ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டிரெக்சல் பல்கலைக்கழக வானொலி, மின்னணு இசையை 75 மணி நேரம் இடைவிடாமல் ஒலிபரப்பும் நிகழ்ச்சியை நடத்தியுள்ளது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதை அம்மாணவர்கள் காட்டிவிட்டனர்.

இக்கருத்தை மறுப்போரும் உளர். நடன இசையில் சொற்கள் குறைவு. ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருகிறது. அமர்ந்து கேட்பதற்கு அது ஏற்றதன்று என்பது அவர்களின் வாதம். சொற்களே இல்லாத செவ்வியல் இசையை மக்கள் மணிக்கணக்கில் அமர்ந்து கேட்கின்றனரே! கேட்கும் பழக்கம் கேட்பதால்தான் வரும். ஒரே தாளத்தின்மேல் ஒலிகள் ஒவ்வொன்றாகச் சேர்வதையும் விலகுவதையும் அறிவிப்பாளர் எடுத்துச் சொன்னால், புதிய நேயரின் காது தானே கூர்மையடையும்.

பாடல்கள் இடைவெளியின்றி இணைக்கப்படுவதால் எது யாருடைய பாடல் என்று தெரிவதில்லை என்பது மற்றொரு குறை. இது நியாயமான குறைதான். ஆனால், ஒவ்வொரு மணி நேரமும் நிலையத்தின் பெயரை அறிவிக்க வேண்டும் என்பது அமெரிக்க ஒலிபரப்பு விதி. எப்படியும் இசையைத் தணிக்க வேண்டிய அந்த வேளையிலேயே பாடல்களின் பெயரையும் கலைஞர்களின் பெயரையும் சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி நேரத்தைப் பற்றியது. ஒரு நாளைக்கு 24 மணி நேரமே உண்டு. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். இதுநாள்வரை பகல் நிகழ்ச்சியை உழைப்பால் வளர்த்த மாணவரிடமிருந்து அதைப் பறிப்பது முறையன்று. அதனால், முழுப் பகலையும் கேட்க வேண்டியதில்லை. வாரநாள்களில் ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தைப் பருவத்துக்குப் பருவம் மாற்றியமைத்தால், இழப்பு ஒருவர் மீதே விழாது.

இணையத்தில் எல்லா இசையும் கிடைக்கும்போது வானொலி எதற்கு என்றும் சிலர் கேட்கலாம். இணையச் செயலிகள் ஒருவர் முன்பு விரும்பிக் கேட்டதை ஒத்த பாடல்களையே பெரும்பாலும் பரிந்துரைக்கின்றன. நடன இசையை ஒருமுறையும் கேட்டறியாதவருக்கு அதனைத் தேடத் தோன்றாது. நல்ல வானொலி, ஒருவர் தேடாததையும் அவர் காதில் போட்டுவைக்கும்.

ஆகவே, வணிக நெருக்கடி இல்லாத கல்லூரி வானொலிகள் நடன இசைக்குப் பகலில் ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். விளம்பரத்தை நம்பி வாழும் நிலையங்களால் முடியாததைச் செய்யத்தானே அவற்றுக்குத் தனி அலைவரிசை அளிக்கப்பட்டது? நள்ளிரவில் விழித்திருக்கும் சிலருக்கு மட்டும் கேட்கும் இசை, பகலில் ஒலித்தால் குன்றின் மேலிட்ட விளக்காகும்.