மழலையர் தோட்டத்தில் இரு மொழிகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல் மாணவன்)

எல்.கே.ஜி. என்று நாம் நாள்தோறும் சொல்லும் மூன்றெழுத்தில் பின்னிரண்டும் ஆங்கிலேயருக்குச் சொந்தமானவை அல்ல. 'கிண்டர்கார்ட்டன்' என்பது ஜெர்மன் சொல். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் இளஞ்சிறார்க்கென ஒரு நிலையம் தொடங்கிய ஃப்ரோபல் என்னும் கல்வியாளர், 1840-இல் இப்பெயரைச் சூட்டினார். பிரஷ்ய அரசு 1851-இல் இதனைத் தடை செய்ததும், 1860-இல் தடையை நீக்கியதும் தனிக்கதை. பெயரைக் கடன் வாங்கிய நாம் தோட்டத்தையும் வாங்கினோமா என்பதே என் கேள்வி.

இன்று ஜெர்மானியர் இவ்விடங்களைச் சுருக்கமாகக் 'கிட்டா' என்கின்றனர். பெர்லின், ஹாம்பர்க் போன்ற பெருநகரங்களில் ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்து புழங்கும் கிட்டாக்கள் பல உள்ளன. அங்கே ஆங்கிலத்துக்கென்று தனிப் பாடவேளை இருக்கும், எழுத்துப் பயிற்சி இருக்கும் என்று நாம் நினைப்போம். எழுத்தும் வாசிப்பும் ஆறு வயதில் பள்ளிக்குப் போன பிறகுதான். அப்படியானால் நாள் முழுவதும் என்னதான் செய்கிறார்கள்?

காலை எட்டு, ஒன்பது மணிக்குள் பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகின்றனர். நடையில் ஆளுக்கொரு கொக்கி. எழுத்தறியாப் பிள்ளைகளாதலால் பெயரோடு மீன், ஆப்பிள், பூனை என ஒரு படமும் ஒட்டியிருக்கும். வெளிச்செருப்பைக் கழற்றி, உள்செருப்பை மாட்டி, மேற்கோட்டைத் தன் படத்தின்கீழ்த் தொங்கவிட வேண்டும். தாயே செய்துவிட்டால் நேரம் மிச்சம்தான். ஆயினும் பிள்ளை திணறித் தானே செய்யட்டும் என்று காத்திருக்கின்றனர். பிறகு வட்டமாக அமர்ந்து ஒரு பாட்டு. யார் வந்தார், யார் வரவில்லை என்று எண்ணுதல். வெயிலா மழையா என்று சன்னல் வழியே பார்த்துச் சொல்லுதல். மழையானாலும் வெளியே போகத் தயங்குவதில்லை. நீர் புகாத காற்சட்டையும் ரப்பர் பூட்சும் அணிந்து சேற்றில் இறங்கிவிடுகின்றனர். (நாம் சேற்றில் இறங்க எந்தச் சட்டையும் தேவைப்பட்டதில்லை, வீடு திரும்பியதும் முதுகில் அடி மட்டும் விழும்!) நண்பகலில் சாப்பாடு, பல் துலக்கல், ஆளுக்கொரு மெத்தையில் உறக்கம், எழுந்ததும் பழம். மூன்று, நான்கு மணிக்கு வீடு.

மொழி இந்த வேலைகளுக்குள்ளேதான் இருக்கிறது. ஓர் ஆசிரியை நாள் முழுவதும் ஆங்கிலமே பேசுவார். மற்றொருவர் ஜெர்மனே பேசுவார். பூட்சைக் கையில் தூக்கிக் காட்டி, 'போட்டுக்கொள்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் புரியாமலா போகும்? பிள்ளை ஜெர்மனில் விடை சொன்னாலும் குற்றமில்லை. அதைக் கேட்டுக்கொண்டு அவர் ஆங்கிலத்திலேயே தொடர்வார். முதலில் புரிதல் வரும். பேச்சு மெல்லத்தான் வரும். 'ஒருவருக்கு ஒரு மொழி' என்னும் இம்முறை புதிதன்று. ரோன்ஷா என்ற பிரெஞ்சு மொழியியலார், தாம் பிரெஞ்சும் தம் மனைவி ஜெர்மனும் பேசி மகனை வளர்த்த வரலாற்றை 1913-இலேயே நூலாக எழுதியிருக்கிறார்.

பிள்ளையைச் சேர்க்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பெர்லின் முறை எனப்படுவதில் முதல் மூன்று நாட்களும் தாயோ தந்தையோ உடனிருப்பர், பிரிவே கிடையாது. நான்காம் நாள்தான் சிறிது நேரம் அறையைவிட்டு வெளியேறிப் பார்க்கின்றனர். ஆசிரியையால் பிள்ளையைத் தேற்ற முடிந்தால் நேரம் நாளுக்கு நாள் நீளும். முடியாவிட்டால் மேலும் பொறுப்பர். அழுகிற பிள்ளைக்கு எந்த மொழி ஏறும்?

நம் பக்கம் என்ன நடக்கிறது? முதல்நாளே வாயிற்கதவை அடைத்துவிடுகிறோம். என் அக்காள் மகன் படிக்கும் நர்சரியில் தமிழ் பேசினால் அபராதம். மூன்றரை வயதுப் பிள்ளை தண்ணீர் கேட்கப் பயந்து தாகத்தோடு வீடு திரும்புகிறான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான்; ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. ஆனால் பிப்பெட், பியூரெட் என்ற சொற்களை நான் மனப்பாடம் செய்ததில்லை. ஆய்வகத்தில் கையில் பிடித்த அன்றே அவை எனக்குச் சொந்தமாகிவிட்டன. இருபது வயதுக்காரனுக்கே அப்படியென்றால் மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டுமா?

ஜெர்மனியை வானளாவப் புகழ்வதும் என் நோக்கமன்று. 1961-இல் செய்த ஒப்பந்தப்படி துருக்கியிலிருந்து தொழிலாளரை வரவழைத்த நாடு அது. அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் வீட்டில் துருக்கியும் வெளியில் ஜெர்மனும் பேசுகின்றனர். அதுவும் இருமொழிதானே? ஆங்கிலம் சேர்ந்தால் செல்வம், துருக்கி சேர்ந்தால் குறை என்று பார்க்கும் கண் அங்கும் உண்டு. ஒரு வயது முடிந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் பெறும் உரிமையை 2013 ஆகஸ்டு முதல் சட்டம் தந்திருக்கிறது. ஆயினும் இடப் பற்றாக்குறை தீர்ந்தபாடில்லை. தனியார் இருமொழிக் கிட்டாக்களிலோ கூடுதல் கட்டணம் கேட்பதுமுண்டு. ஏழைக்கு எட்டாத மொழி எங்கும் ஒன்றுதான் போலும்.

2019-இல் நம் மாநிலத்தில் அரசுப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினர். கை கழுவுதல், சத்துணவு, பகல் உறக்கம் என்று தோட்டத்துக்கு வேண்டியவை பல அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. கை கழுவும்போதும் சோறு பரிமாறும்போதும் இயல்பாக ஆங்கிலம் பேசக்கூடிய ஒருவரை, முறையான ஊதியம் கொடுத்து, தமிழ் பேசும் ஆசிரியையோடு அமர்த்தலாம். செலவுதான், யார் இல்லை என்றார்? அப்படி ஒருவர் வரும்வரை எழுத்தட்டைகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, இருக்கிற ஆசிரியை தமிழிலேயே கதை சொல்லட்டும்.