இரவைத் திருடாதீர்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு எப்போதாவது குறைமாதக் குழந்தைகள் வார்டை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். நண்பரின் பேத்தி ஏழாம் மாதத்திலேயே அவசரமாக வந்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தீபாவளி நேரத்து நகைக்கடை மாதிரி அத்தனை விளக்கும் எரிகிறது. நடுவில் ஒன்றேகால் கிலோ குழந்தை, முகத்தைச் சுருக்கிக்கொண்டு.

“லைட்டை எப்ப அணைப்பீங்க?”

“அணைக்கவே மாட்டோம் சார். கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் இருக்கு” என்றார் ஊழியர், பெருமையாக.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா?

மூளைக்குள் பீனியல் என்று ஒரு சின்னச் சுரப்பி. இருட்டினால் மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். வெளிச்சம் பட்டால் குறைத்துவிடும். 1958-ல் ஏரன் லெர்னர் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர் அதை மாட்டின் பீனியலிலிருந்து பிரித்தெடுத்தார். ‘ராத்திரியாச்சு’ என்று உடம்புக்குத் தண்டோரா போடுவது அதுதான். வயிற்றில் இருக்கும்வரை அம்மாவின் மெலட்டோனின் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் வரும். பிறந்ததும் சப்ளை கட். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கே சொந்தமாக இந்தக் கணக்கு பிடிபட 9 முதல் 12 வாரம் ஆகிறது. (நீங்கள் மூன்று மாதம் தூக்கமில்லாமல் திண்டாடியது ஞாபகம் வருகிறதா?) குறைமாதக் குழந்தைக்கு இன்னும் தாமதம். அதற்குப் போய் 24 மணி நேரமும் பகலா?

‘இருட்டில் குழந்தையின் நிறம் மாறினால் எப்படித் தெரியும்?’ நியாயமான கேள்வி. பரிசோதிக்கும்போது அந்தத் தொட்டிலுக்கு மட்டும் விளக்குப் போடுங்கள். மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கு சிகிச்சை. அதைக்கூடக் குழந்தையின் கண்ணை மூடிவிட்டுத்தான் வைக்கிறார்கள். மற்ற நேரத்தில், ராத்திரி, இன்குபேட்டர் மேல் ஒரு தடித்த துணி போர்த்த என்ன செலவு? துடிப்பையும் ஆக்ஸிஜனையும் எண்ணுகிற மெஷின் இருட்டிலும் எண்ணும்.

‘ஆதாரம் இருக்கா?’ காக்ரேன் அமைப்பு 2016-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஓயாத வெளிச்சத்தில் கிடந்த குழந்தைகளைவிட, பகல்-இரவு மாறிவரும் வெளிச்சத்தில் வளர்ந்தவை சீக்கிரம் வீடு திரும்பின. சின்னச் சின்ன ஆய்வுகள்தான். முடிந்த முடிவென்று நானும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் விடிய விடிய விளக்கெரிக்க நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது, பெரியவர்களின் சௌகரியத்தைத் தவிர?

‘மெலட்டோனினைச் சொட்டு மருந்தாகவே ஊத்திட்டா போச்சு’ என்கிறது இன்னொரு கட்சி. குறைமாதக் குழந்தையின் மூளையைக் காக்க அது உதவுமா என்று ஆராய்கிறார்கள். அது டாக்டர்கள் வேலை. தூங்கவைக்க நாமே வாங்கி ஊற்றுவது விபரீதம். அம்மாவின் ராத்திரிப் பாலிலேயே மெலட்டோனின் இருக்கிறது. பகல் பாலில் கிட்டத்தட்ட இல்லை. பீய்ச்சிய பாலில் நேரம் எழுதி, ராத்திரிப் பாலை ராத்திரியே கொடுத்துப் பார்க்கலாமே? தேவை ஒரு ஸ்டிக்கர், ஒரு பேனா. (பால் குறைவென்றால் எந்த நேரத்துப் பாலும் அமுதம்தான்.)

2020-ல் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவர்களுக்காக மெஷின் வாங்கக் கோடிகள் வேண்டும், வாங்கத்தான் வேண்டும். இருட்டு இலவசம். அதைக் கொடுப்பதற்கென்ன?

உங்கள் வீட்டுக் குழந்தை அங்கே இருந்தால், பில்லைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: “ராத்திரி லைட்டை எப்ப அணைப்பீங்க?” முறைப்பார்கள். பரவாயில்லை, மறுநாளும் கேளுங்கள்.