வரிக்கு ரசீது உண்டு... செலவுக்கு?

வீட்டு வரி என்றதும் தமிழ்நாட்டு நகரங்களில் கேட்கும் சத்தம் ஒன்றே ஒன்றுதான். "ஏத்திட்டாங்கய்யா!" டீக்கடையில் தொடங்கி அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டம் வரை இதே பல்லவி. "சரி, போன வருஷம் வாங்கினதை என்ன பண்ணினீங்க?" என்ற அடுத்த கேள்வி மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. உள்ளாட்சி நிர்வாகத்தின் பாதிக் கோளாறு இந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் இருக்கிறது.

கொஞ்சம் பழைய கதை. தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளுக்கு 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கவுன்சிலர் கிடையாது, மேயர் கிடையாது, தனி அதிகாரிகள் ராஜ்ஜியம்! 2018-ல் சொத்து வரியை ஏற்றினார்கள். 2019 நவம்பரில், தேர்தல் பேச்சு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். 2022 மார்ச் 4 அன்று புதிய மேயர்கள் பதவியேற்றார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1 அன்று உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1800 சதுர அடிக்கு மேல் போனால் 150 சதவீதம்.

அரசு சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையில் 1998-க்குப் பிறகு பொதுச் சீராய்வு நடக்கவில்லை, 24 வருடமாக விலைவாசி ஏறியும் வரி ஏறவில்லை என்றார்கள். உண்மைதான். ஆனால் 24 வருடம் ஏற்றாமல் இருந்ததும் தவறு, ஒரே மூச்சில் ஏற்றியதும் தவறு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இங்கே வரியை முடிவு செய்வது பட்ஜெட் இல்லை, தேர்தல் காலண்டர்! வருடா வருடம் வரவு செலவை மக்கள் முன்னால் வைத்து, "குப்பை அள்ள இவ்வளவு ஆகிறது, பற்றாக்குறை இவ்வளவு" என்று காட்டியிருந்தால், சிறுகச் சிறுக ஏற்றுவதை முணுமுணுத்துக்கொண்டாவது ஜனங்கள் ஏற்றிருப்பார்கள். கணக்கைக் காட்டாதவன் வரியை ஏற்றப் பயப்படுகிறான். பயம் தெளிந்த அன்று மொத்தமாக ஏற்றுகிறான்.

இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. 15-வது நிதி ஆணையத்தின் நிபந்தனை. மத்திய மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்க வேண்டும், வசூலையும் பெருக்க வேண்டும். சரி. அதே ஆணையம் அதே மானியத்துக்கு வைத்த முதல் நிபந்தனை என்ன தெரியுமா? உள்ளாட்சியின் முந்தைய வருடத் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய வருடத்தின் தணிக்கை செய்த கணக்கும் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்பது. வரி நிபந்தனை வீட்டு வாசல் வரை நோட்டீஸாக வந்தது. கணக்கு நிபந்தனைக்கு யாராவது வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்களா?

ஒரு மாநகராட்சி முழுவதற்கும் சேர்த்து மொத்தத் தொகைகளை ஒரு கோப்பாக வலையேற்றிவிட்டால் சட்டத்தின் வாய் அடைபட்டுவிடும். தன் தெரு வடிகாலுக்கு எவ்வளவு போனது என்று தேடுகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. கிராமத்து ஆளுக்கு இந்த விஷயத்தில் நகரத்து ஆளைவிட உரிமை அதிகம்! தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி ஊராட்சியின் வருடாந்திர பட்ஜெட்டுக்கும், கணக்கின் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தருவது கிராம சபையின் வேலை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் குறித்து நடக்கிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என இன்னும் இரண்டு நாள் சேர்ந்தது. எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறதா? இல்லைதான். ஆனாலும் எழுந்து நின்று "இந்த செலவுக்கு பில் எங்கே?" என்று கேட்க சட்டப்படி ஓர் இடம் இருக்கிறது.

நகரத்தில்? 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது அது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் வந்தது 2022-ல். முதல் பகுதி சபைக் கூட்டங்கள் அந்த வருடம் நவம்பர் 1 அன்று நடந்தன. அதிலும் குழுவில் உட்காருபவர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். கவுன்சிலரைக் கண்காணிக்கும் குழுவில் கவுன்சிலருக்கு வேண்டியவர்கள் வந்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் கண்காணிப்பா?

இனி மதுரைக்கு வருவோம். மதுரை மாநகராட்சியில் வணிகக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட, அதிகாரிகளின் கணினி பாஸ்வேர்டே தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்பது புகார். 2025-ல் கைதுகள் நடந்தன. ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்கள் ராஜினாமா செய்தார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் இப்படி நடக்க வழி எங்கே இருந்தது என்று கேட்க நீதிமன்றம் வரை போக வேண்டாம்.

பி.காம். மாணவர்களுக்குத் தணிக்கைப் பாடத்தில் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லித் தருகிறார்கள். ஒருவர் செய்த வேலையை, அவர் கையில் இல்லாத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். ஒரு மளிகைக்கடை முதலாளிகூட கல்லாவில் ஒருவரையும் பேரேட்டில் இன்னொருவரையும் உட்கார வைப்பார். சொத்து வரியிலோ அளப்பது, மதிப்பிடுவது, கணினியில் ஏற்றுவது, திருத்துவது எல்லாம் ஒரே அலுவலகக் கூரைக்குக் கீழே. தணிக்கையாளர் வரும்போது வருடம் முடிந்திருக்கும்.

அந்த இரண்டாவது ஆள் யார்? பக்கத்து வீட்டுக்காரர்தான்! மாநகராட்சிக்குச் சம்பளச் செலவே இல்லாத ஆடிட்டர். ஒரு தெருவில் உள்ள எல்லாக் கட்டடங்களின் பரப்பு, வகை, வரித்தொகை மூன்றையும் பட்டியல் போட்டு வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினால், மூன்று மாடி வணிக வளாகம் சந்துக்குள் இருக்கும் ஓட்டு வீட்டைப் போல வரி கட்டுவது ஒரே நாளில் ஊருக்கே தெரிந்துவிடும்.

"அது தனிப்பட்ட விவரம் ஆயிற்றே" என்பார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, தகப்பனார் பெயர் எல்லாம் போட்டு ஊர் பார்க்க வைக்கும் நாட்டில், கட்டடத்தின் சதுர அடி மட்டும் ராணுவ ரகசியமா?

"ஜனங்களுக்கு பட்ஜெட் புரியாது" என்பது அடுத்த சமாதானம். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டம் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஒரு பொது விசாரணை நடத்தியது. கூலிப் பட்டியலையும் பில்களையும் ஊர் முன்னால் சத்தமாக வாசித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே எழுந்து எது பொய் என்று சொன்னார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-க்கு விதை போட்டவற்றில் அந்தக் கூட்டமும் ஒன்று. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் பேட்டை பேட்டையாகக் கூடி, எந்த வேலைக்கு முதலில் பணம் என்று மக்களே முடிவு செய்தார்கள். பிற்காலத்தில் அங்கே அது தேய்ந்துபோனது. ஆனால் தேய்ந்ததற்குக் காரணம் மக்களுக்குக் கணக்குப் புரியாதது இல்லை.

"மக்களிடம் கேட்டால் வரியே வேண்டாம் என்பார்கள்" என்ற வாதம் மட்டும் கொஞ்சம் கனமானது. உண்மையில் சில பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் எதைக் காட்டி அவர்களை நம்பச் சொல்வது? நூலக வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கென்றே வசூலாகிறது. அதை நூலகத் துறைக்குக் கட்டாமல் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பது பல வருடமாகச் செய்திகளில் அடிபடும் விஷயம். நூலகத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய பணமே நூலகத்துக்குப் போகவில்லை என்றால், பெயர் சொல்லாமல் வாங்கிய பணத்தின் கதி என்ன?

ஆகவே கேட்க வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

1. ஒவ்வொரு வார்டிலும் வசூலான வரி எவ்வளவு, அந்த வார்டில் செலவானது எவ்வளவு என்பது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பலகையில் வர வேண்டும். (வரியை ஆறு மாதத்துக்கு ஒரு முறைதானே வாங்குகிறார்கள்!)

2. பட்ஜெட் வரைவு, மன்றத்தில் வைப்பதற்கு ஒரு மாதம் முன்பே தமிழில், வார்டு வாரியாக வெளிவர வேண்டும்.

3. பகுதி சபைக்குக் கிராம சபையைப் போலவே பட்ஜெட், தணிக்கை இரண்டிலும் ஒப்புதல் அதிகாரம் வேண்டும். உறுப்பினர்கள் நியமனம் ஆகாமல் குலுக்கல் முறையிலாவது வரட்டும்.

4. வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் அங்கே சம இடம் வேண்டும். வீட்டுக்காரர் கட்டும் வரி கடைசியில் வாடகையில்தான் ஏறுகிறது. ரசீதில் பெயர் இல்லை என்பதற்காக அவர் வரி கட்டாதவர் ஆகிவிட மாட்டார்.

இதில் வரி கட்டுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. ரசீதை பீரோவில் பத்திரமாக வைப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற நடுத்தர வர்க்கம், அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் கணக்கில் நூறு ரூபாய் உதைத்தால் செயலாளரை உலுக்கி எடுத்துவிடுகிறது. அந்த உலுக்கலில் கால் பங்கு வார்டு அலுவலகத்தில் நடந்தால் போதும். அடுத்த முறை நோட்டீஸ் வரும்போது "எவ்வளவு ஏத்தினீங்க?" என்று கேட்பதற்கு முன்னால், போன முறை கட்டிய பணத்துக்குக் கணக்கு கேட்க வேண்டும்.