ஷெர்லியும் எங்கள் பாட்டியும்

கல்யாண ஆல்பம் கைக்கு வந்ததும் எதை முதலில் பார்ப்பீர்கள்? கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு சரியாக வந்திருக்கிறதா என்றுதான் பலரும் பார்ப்பார்கள். நான் பாட்டிமார்களின் முகத்தைத் தேடுவேன்.

காரணம் உண்டு. கிள்ளானில் எங்கள் பாட்டியின் 16-ஆம் நாள் காரியத்துக்கு ஒரு படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தோம். வந்த படத்தில் மூக்குத்தி இருந்தது, சிரிப்பு இருந்தது. தோட்டத்து வெயிலில் பால்மரம் சீவிய அந்தக் கருப்பு மட்டும் காணோம். "நல்லா கலரா வந்திருக்கே அக்கா" என்றார் கடைத் தம்பி, பெருமையாக. படத்தைப் பார்த்த சின்னம்மா கேட்டது, "யாரும்மா இது?"

தம்பியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 1954 வரை அமெரிக்காவில் கோடாக் கலர் ஃபிலிம் வாங்கினால், கழுவிப் பிரிண்ட் போடும் காசும் அந்த விலையிலேயே சேர்ந்திருக்கும். அரசாங்க வழக்கால் அந்த ஆண்டு அது நின்றது. வெளி லேப்களும் பிரிண்ட் போட ஆரம்பித்தன. அவர்களுடைய நிறம் சரியா என்று ஒத்துப் பார்க்க கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்றவர் ஷெர்லி என்ற கோடாக் ஊழியர். பிறகு யார் நின்றாலும் அதற்கு 'ஷெர்லி கார்டு' என்றே பெயர். ஷெர்லி முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. நம்மவர் முகம் இருட்டாக வந்தால் யாருக்கென்ன? அடர்ந்த பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று கோடாக்கிடம் முறையிட்டவர்கள் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும். சாக்லேட்டுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

பல இன முகங்கள் கொண்ட கார்டுகள் வர 1990-கள் ஆயின. இன்று பிரச்சினை தலைகீழ். அன்று இருட்டாக்கினார்கள், இன்று வெளுக்கிறார்கள். கடை மெஷினின் 'ஆட்டோ கரெக்‌ஷன்', கருத்த முகத்தை வெளிச்சம் போதாத படம் என்று எடுத்துக்கொண்டு தூக்கிவிடும். மிச்சத்தைக் கைபேசியின் பியூட்டி ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்.

வானொலியில் சவுண்ட் செக் இல்லாமல் எந்த மேடை நிகழ்ச்சியும் தொடங்க மாட்டோம். ஆல்பத்துக்கும் அது வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையோ கிள்ளான் கடையோ, முதலில் ஒரே ஒரு 4ஆர் பிரிண்ட் கேளுங்கள். வீட்டிலேயே கருத்தவர், சிவந்தவர், வெள்ளைச் சட்டை மூன்றும் இருக்கிற படமாகக் கொடுங்கள். ஆட்டோ கரெக்‌ஷன் இல்லாமல் ஒன்று, அதோடு ஒன்று என்று போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கடை விளக்கின் கீழே முடிவு செய்யாதீர்கள். ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில் பாருங்கள், வெயில் நேராக விழக்கூடாது. முதலில் வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். அது நீலமாகவோ மஞ்சளாகவோ அடித்தால் முகத்தின் நிறமும் தப்பாகத்தான் இருக்கும். கைபேசியை முழு வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்தப் பிரிண்டும் மங்கலாகத்தான் தெரியும், அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சட்டை வெள்ளையாகவே இருந்து முகம் மட்டும் வெளுத்திருந்தால், ஃபிரேம் போடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுங்கள். "கலரா இருக்கே" என்பார்கள். "இவர் இந்தக் கலர் இல்லை" என்று சொல்லிவிட்டு, அவருடைய பழைய படம் ஒன்றைக் கையில் கொடுங்கள்.