சராசரியை உண்பவர் யார்?

தூத்துக்குடிக்கு ரயிலில் செல்பவர்கள், ஊர் நெருங்குகையில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைக் கண்டிருப்பார்கள். வெயிலும் காற்றும் இருந்தால் உப்பு தானாகவே விளைந்துவிடும் என்பது பலருடைய எண்ணம். உண்மை அதுவன்று.

நீரின் செறிவை அளக்க, பாமே என்ற பிரெஞ்சு ரசாயன சாஸ்திரியின் பெயரால் வழங்கும் ஓர் அளவு உண்டு. அதன்படி கடல்நீர் சுமார் 3 டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டால், 25 டிகிரியை அடுத்து உப்புப் பூக்கத் தொடங்குகிறது. 30 டிகிரியைத் தாண்டவிட்டாலோ மக்னீசிய உப்புக்கள் அதிகமாகக் கலந்து, கசப்பும் ஈரக் கசிவும் சேர்ந்துவிடும். அதற்கு முன்பே எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இக்கேடு திடீரென நேர்வதன்று. சிறுகச் சிறுக நகர்ந்து வருவது. கண்ணுக்குப் புலப்படாத அந்த நகர்வை, நீரில் மிதக்கும் கண்ணாடிக் கருவியே காட்டிக் கொடுக்கிறது.

இவ்விஷயத்தைச் சாஸ்திரமாக வகுத்தவர் வால்டர் ஷூவார்ட் என்னும் அமெரிக்கர். டெலிபோன் சாமான்கள் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர், 1924-ஆம் ஆண்டில் ஒரு படம் வரைந்து காட்டினார். எந்தத் தொழிலிலும் சிறு ஏற்றத்தாழ்வு இயற்கை. அதற்கெல்லாம் பதறி யந்திரத்தைத் திருகினால் மாறுதல் மிகுமேயன்றிக் குறையாது. தனிக் காரணம் பற்றி வரும் மாறுதலையே தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய மேலும் கீழும் இரு எல்லைக் கோடுகளை அவர் வகுத்தார். பேராசிரியர் மகலனோபிஸின் அழைப்பை ஏற்று 1947-48-இல் நம் நாட்டிற்கும் வந்து சென்றார்.

இதனால் நம் அடுப்பங்கரைக்கு என்ன லாபம் என்று சகோதரிகள் கேட்கலாம். சொல்லுகிறோம். கடையில் விற்கும் அயோடின் உப்பில், 10 லட்சம் பங்குக்கு 15 பங்கேனும் அயோடின் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஆலையின் கணக்கில் சராசரி 25 என்று இருக்கலாம். ஆனால் மருந்தைத் தெளிக்கும் குழாய்முனை சிறிது அடைபட்டால், ஒரு பொட்டலத்தில் 40-ம் மற்றொன்றில் 10-ம் விழக்கூடும். சராசரி அப்போதும் 25 தான்! வகுப்பின் சராசரி ஐம்பது என்பதற்காகப் பத்து மார்க்கு வாங்கிய பையன் தேறிவிடுவானா? அயோடின் குறைந்தால் கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும். அக்குழந்தையின் தாய் உண்பது சராசரியையன்று, தன் வீட்டுப் பொட்டலத்தையே.

ஆகவே, கொளுத்தும் வெயிலில் நின்று டிகிரி பார்ப்பவரும், ஆலையில் பொட்டலங்களைச் சோதிப்பவரும் கண்டதைக் கண்டபடியே எழுத வேண்டும். அவ்வெண்ணை மேலே இருப்பவர்கள் அழகுபடுத்தலாகாது. நாமும் உப்பை ஈரம் படாமல் மூடி வைப்போமாக. ஈரத்தால் அயோடின் குறைவதும் ஓசையின்றி நிகழும் நகர்வே.