பண்டிகைத் தட்டில் சொக்லேற்

பண்டிகை என்றாலே பணியாரம் என்பது வடமராட்சியார் வழக்கு. தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்திய இரவுகளில் நெல்லியடி, கரவெட்டி, துன்னாலைப் பக்கத்து வீடுகளில் அடுப்பு அணைய நெடுநேரம் ஆகும். பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு, எள்ளுப்பாகு என்று ஓலைப்பெட்டிகள் நிறையும். மறுநாள் அயல் வீடுகளுக்குத் தட்டுகள் போகும். அங்கிருந்து வேறு தட்டுகள் வரும். எந்த வீட்டு முறுக்கு நொறுங்கியது, எந்த வீட்டு அரியதரம் கல்லாயிற்று என்பதெல்லாம் ஒரு கிழமைக்குப் பேசுபொருளாகும்.

அந்தத் தட்டில் இப்போது புதிய விருந்தாளி ஒன்று வந்து அமர்ந்திருக்கிறது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் பெட்டி திறந்ததும் முதலில் வெளிவருவது சொக்லேற். உறவினர் வராத வீட்டாருக்கும் குறையில்லை. நெல்லியடிச் சந்தியிலுள்ள கடைகளில் அது வேண்டிய மட்டும் உண்டு. வண்ணத்தாள் சுற்றிய அந்தத் துண்டுகளின்மேற்றான் பிள்ளைகளின் கை முதலிற் செல்கிறது. எள்ளுப்பாகு மறுநாளும் தட்டிலே கிடக்கிறது. இதைக் கண்டு பெருமூச்செறியும் பெரியோர் பலர். அவர்களின் ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் சொக்லேற்றை வீட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்ற அவர்களின் முடிவை ஏற்க என்னால் இயலவில்லை. அதை நமது உரலுக்குக் கொண்டுவருவதே தக்க வழி என்பது என் கருத்து. அப்படிக் கொண்டுவரும்போது பனங்கட்டியின் பெயரால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில், சொக்லேற் என்பது யாது? கொக்கோ மரத்தின் விதையிலிருந்து வருவது அது. நடு அமெரிக்காவின் பழங்குடி மக்கள் அவ்விதையை வறுத்து அரைத்து, மிளகாய் முதலியன சேர்த்து, நீரிற் கலக்கி, நுரை பொங்க அருந்தினர். அது கைப்பான பானம். பதினாறாம் நூற்றாண்டிலே அங்கு சென்ற ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவை அடைந்தது. அங்கே சீனி அதனோடு கூடியது. 1828இல் ஒல்லாந்து நாட்டு வான் ஹௌற்றன் குடும்பத்தார் விதையிலுள்ள கொழுப்பைப் பிழிந்தெடுத்துத் தூளை வேறாக்கும் வழியைக் கண்டனர். 1847இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் பிறை நிறுவனத்தார் கடித்துத் தின்னும் கட்டியாக அதை வார்த்தனர். 1875இல் சுவிற்சர்லாந்தில் டானியல் பீற்றர் பாலைச் சேர்த்தார். இன்று நமது பிள்ளைகள் விரும்பும் பாற்சொக்லேற்றின் வரலாறு இவ்வளவே. ஒவ்வொரு படியிலும் கைப்புக் குறைந்தது, இனிப்பு ஏறியது.

கொக்கோவை அந்நியப் பொருள் என்று ஒதுக்குவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை இலைநோய் பற்றி அழிக்கத் தொடங்கிய பின், தோட்டக்காரர் நாடிய மாற்றுப் பயிர்களுள் கொக்கோவும் ஒன்று. இன்றும் மாத்தளை, கண்டி, குருநாகல், கேகாலைப் பகுதிகளில் அது விளைகிறது. யாழ்ப்பாணத்துக்கு அது புதிதாயினும் இந்நாட்டு மண்ணுக்குப் புதிதன்று. மிளகாயும் ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அதை அந்நியம் என்று தள்ளினால் நமது கறித்தூள் என்னாவது?

இனி நலம் பற்றிய பேச்சுக்கு வருவோம். சொக்லேற் இருதயத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு தின்பவர் இப்போது பெருகியுள்ளனர். கொக்கோவிலுள்ள பிளவனோல் என்னும் பொருள்கள் குருதியோட்டத்துக்கு உதவுகின்றன என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஆனால், அமெரிக்காவில் 21,000க்கு மேற்பட்ட முதியோரைக் கொண்டு நடத்தப்பெற்று 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, கொக்கோச் சாறு இருதய நோய் நிகழ்வுகளின் மொத்தத் தொகையை ஐயத்துக்கு இடமின்றிக் குறைத்ததாகக் காட்டவில்லை. அந்நோயால் நேரும் இறப்பு மட்டும் குறைந்ததாகவே கண்டது. அந்த ஆய்விலும் கொடுக்கப்பட்டது சீனியில்லாத குளிசை. கடைச் சொக்லேற்றைத் தின்றுவிட்டு அந்த ஆய்வைச் சான்று காட்டுவது, கோயில் வாசலில் கடலை வாங்கித் தின்றுவிட்டு விரதம் இருந்தேன் என்பது போலாகும். கொக்கோத்தூளிலும் வகையுண்டு. கருநிறமும் மென்சுவையும் பெறுவதற்காகக் காரமிட்டுப் பதப்படுத்திய தூளில் அந்தப் பிளவனோல் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. சற்று வெளிறிய, புளிப்போடு கூடிய இயற்கைத் தூளே மேலானது.

பாற்சொக்லேற்றின் எடையில் ஏறக்குறையப் பாதி சீனி. ஐம்பது கிராம் கட்டி ஒன்றைத் தின்ற பிள்ளை இருபத்தைந்து கிராம் அளவிற் சீனியைத் தின்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிவுரையின்படி, ஒருவர் உண்ணும் உணவின் சக்தியில் பத்திலொரு பங்குக்கு மேல் சேர்க்கப்பட்ட இனிப்பிலிருந்து வரலாகாது. அதில் பாதியாக, அதாவது வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து கிராம், ஆறு தேக்கரண்டி அளவில் நிறுத்துவது இன்னும் நன்று. வளர்ந்தவரின் ஒரு நாட் பங்கைப் பிள்ளை ஒரே கட்டியில் முடித்துவிட்டது. தேநீரும் சோடாவும் இன்னும் கணக்கிலே வரவில்லை. சலரோக மாத்திரை இல்லாத வீடு எமது ஊரில் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போருக்கு இக்கணக்கின் பாரம் விளங்கும்.

இவ்வளவையும் கேட்டவுடன், “அதனாற்றான் சொல்கிறோம், நமது பனங்கட்டி இருக்கிறதே, அதைப் போட்டுச் செய்யுங்கள், ஒரு தீங்கும் வராது” என்று முன்வருவோர் உளர். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். பனையின் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சிக் குட்டானில் வார்த்தெடுக்கும் பனங்கட்டியின் மணமும் சுவையும் எனக்கும் உயிர். வெள்ளைச் சீனியில் இல்லாத கனியுப்புகள் அதில் உண்டு என்பதும் உண்மை. எனினும் அதன் பெரும்பகுதி சுக்குரோசு. வெள்ளைச் சீனியும் அதுவே. இரண்டு கிராம் பனங்கட்டியில் உள்ள இரும்புச்சத்து யாரையும் பலசாலி ஆக்கிவிடாது. அதிலுள்ள இனிப்போ குருதியிற் சேராமல் நின்றுவிடாது. சீனி ஒரு சுண்டு போட்ட இடத்தில் பனங்கட்டி ஒரு சுண்டு போட்டுவிட்டு, நலமான பண்டம் செய்தோம் என்று நிம்மதி கொள்வதில் நியாயமில்லை. கடையில் வாங்கும் பானத்துக்காவது எச்சரிக்கை உண்டு. 2016 முதல் இந்நாட்டில் நூறு மில்லிலீற்றரில் பதினொரு கிராமுக்கு மேல் சீனியுள்ள பானப் போத்தலில் சிவப்பு நிறக் குறி இட வேண்டும் என்று விதியாயிற்று. வீட்டில் உருட்டிய உருண்டைக்கு அத்தகைய குறி கிடையாது. இடும் கைதான் குறி.

அக்கை அறிந்த பாடம் ஒன்று நம்மிடமே உண்டு. 1990இன் பின் பொருளாதாரத் தடை குடாநாட்டை நெருக்கிய காலத்தில், சீனி கிடையாத வீடுகளில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். ஒரு சிறு துண்டு ஒரு கோப்பைக்குப் போதியது. நாவின் நுனியில் இனிப்பு நின்றது, தேநீர் துவர்த்தது, இரண்டும் ஒன்றையொன்று தாங்கின. நெருக்கடி கற்பித்தது என்பதற்காக அந்தப் பாடம் பொய்யாகிவிடாது. கைப்பையும் துவர்ப்பையும் அருகில் வைத்தால் சிறிது இனிப்பே பெரிதாகத் தோன்றும். கொக்கோவின் சிறப்பும் இதிலேதான் உள்ளது. அதன் கைப்பைச் சீனியால் மூடி மறைக்காமல், அதையே சுவையாக ஏற்கப் பிள்ளைகளின் நாவைப் பழக்கினால் இனிப்பின் அளவு தானே குறையும்.

இதற்கு ஏற்ற பண்டம் ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது: எள்ளுப்பாகு. பூப்பெய்திய பெண்பிள்ளைக்கு உழுத்தங்களியோடு கொடுத்து உடலைத் தேற்றிய அதே பண்டந்தான். செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். தோலோடு கூடிய எள் 250 கிராம் எடுத்துக் கழுவி உலர்த்தி, மெல்லிய தீயில் வெடிக்கத் தொடங்கும் வரை வறுத்துக்கொள்க. தீ மிஞ்சிக் கருகினால் கைக்கும்; அந்தக் கைப்பு வேறு, கொக்கோவின் கைப்பு வேறு. வறுத்த உழுத்தம்மா 100 கிராம். கொக்கோத்தூள் 50 கிராம். சீவிய பனங்கட்டி 100 கிராம். சிறிது சுக்கும் ஏலமும், ஒரு சிட்டிகை உப்பும். எள்ளை உரலில் இட்டு இடிக்க, அது எண்ணெய் விடத் தொடங்கும். அப்போது பனங்கட்டியையும், பின்னர் மாவையும் தூளையும் சேர்த்து இடித்து, சூடு ஆறுமுன் சிறு நெல்லிக்காய் அளவில் உருட்டுக. நெய்யோ பாலோ வேண்டியதில்லை. எள்ளின் எண்ணெயே பிடித்துக்கொள்ளும். உதிர்ந்தால் ஒரு கரண்டி நல்லெண்ணெய் போதும். உரல் இல்லாத வீட்டார் மின்னரைப்பானை விட்டுவிட்டு ஓட்டலாம்.

அரைக் கிலோவில் ஐம்பது உருண்டை வரும். ஒவ்வொன்றிலும் பனங்கட்டி இரண்டு கிராம். மூன்று தின்றால் ஆறு கிராம்; மேலே கூறிய இருபத்தைந்தில் காற்பங்கு. எள்ளின் சுண்ணாம்புச்சத்தும் உழுந்தின் புரதமும் கொக்கோவின் நார்ப்பொருளும் உடன் சேரும். ஆயினும் எள்ளில் பாதி எண்ணெய் என்பதை மறக்கலாகாது. மூன்று உருண்டை நலம் என்றால் பத்து உருண்டை மூன்று மடங்கு நலம் என்று கொள்ளற்க. சலரோகம் உள்ளவர் இதையும் கணக்கிலே சேர்க்க வேண்டும். எள் ஒவ்வாத பிள்ளைகளும் உண்டு. புதிதாகக் கொடுப்போர் கவனிக்க. திருவள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்தில் உண்ணும் அளவைப் பற்றியே பெரும்பாலும் பேசினார் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது தகும்.

தடைகள் சில கூறப்படும். நேரமில்லை என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. வீட்டுப் பண்டத்தின் பெருமை பேசி மேடையில் கைதட்டு வாங்குவோர் பெரும்பாலும் ஆண்கள். விடிய விடிய உரல் இடித்தவர் பெண்கள். வேலைக்குப் போய்வரும் பெண்ணிடம் இன்னொரு சுமையை ஏற்றுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. எள் வறுக்க ஒருவர், இடிக்க ஒருவர், உருட்டப் பிள்ளைகள் என்று வீடு முழுவதும் கூடினால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் வேலை இது. உலக்கை பிடிக்க ஆண்மகனின் தோளுக்கு என்ன குறை? தானே உருட்டிய உருண்டையைத் தின்னாத பிள்ளையை நான் கண்டதில்லை. கடைக் கட்டிக்குப் போட்டியாக நாம் வைக்கக்கூடிய வண்ணத்தாள் அது ஒன்றே.

செலவு அதிகம் என்பது இரண்டாவது தடை. கொக்கோத்தூள் மலிவானதன்று. ஆனால், அரைக் கிலோவுக்கு ஐம்பது கிராம் போதும். எள்ளும் உழுந்தும் நெல்லியடிச் சந்தையிலேயே கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம், “சொக்லேற் வேண்டாம், சீனி சேராத கொக்கோத்தூள் ஒரு பக்கற் கொண்டுவாருங்கள்” என்று சொல்வதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெட்டியின் பாரமும் குறையும்.

பனங்கட்டியைக் குறைக்கச் சொன்னால் பனையை நம்பி வாழ்வோர் என்னாவது என்பது மூன்றாவது. இது பாரமான வினா. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. இருந்தும் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறும் சீவற்றொழிலாளரின் பிள்ளைகள் அத்தொழிலுக்கு வர விரும்பவில்லை. மரத்துக்கு உரிய விலை தொழிலாளிக்குச் சேராததே அதற்குக் காரணம். சந்தையிலோ வெள்ளைச் சீனி கலந்த பனங்கட்டி என்ற முறைப்பாடு ஓயவில்லை. மலிவு தேடி அளவின்றி வாங்கும் நாமே அந்தக் கலப்படத்துக்கு வழி திறக்கிறோம். குறைவாக வாங்குவோம், கலப்பில்லாததை வாங்குவோம், கேட்கும் விலையைக் கொடுப்போம். நூறு கிராம் மெய்யான பனங்கட்டியின் மணம் ஒரு கிலோ பொய்ப் பனங்கட்டியிற் கிடையாது. வாங்குவோரின் நலமும் ஏறுவோரின் நலமும் இங்கே ஒன்றாகின்றன.

பண்டிகையன்று இனிப்பே வேண்டாம் என்று சொல்லும் கடும் நோன்பு எனக்கு உடன்பாடன்று. ஆண்டில் சில நாட்கள் அயலாரின் தட்டு நம் வாசலுக்கு வருவதும், நமது தட்டு அவர்கள் வாசலுக்குப் போவதும் இந்த ஊரின் உறவைக் காக்கும் வழக்கம். போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கிய பின்னும் அந்த வழக்கம் எஞ்சியிருக்கிறது. அதைக் காப்பதற்காகவே தட்டிலுள்ள பண்டத்தைத் திருத்த வேண்டும் என்கிறேன். வரும் மார்கழி விடுமுறையில் இதை ஒருமுறை செய்து பாருங்கள். முதல் உருண்டையைக் கடித்த பிள்ளை கைக்கிறது என்று முகம் சுளிக்கலாம். அதற்காகப் பனங்கட்டியைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டாவதைக் கையிற் கொடுத்துப் பொறுத்திருங்கள்.