சப்மிஷனுக்கு வெளியே ஒரு படம்

ஓவியப் படிப்பில் முதலாம் ஆண்டு சேர்ந்த யாரையாவது பிடித்து, "இப்ப என்ன வரைஞ்சிட்டிருக்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்டில் லைஃப் அஞ்சு ஷீட் பாக்கி, ஃபிகர் ஸ்டடி மூணு பாக்கி, அவுட்டோர் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்று பதில் வரும். கேட்டது படத்தைப் பற்றி. வந்தது கடன் பட்டியல்!

வகுப்புக்கு வெளியே, யாரும் கேட்காமல், மதிப்பெண் எதுவும் இல்லாமல், நமக்கு நாமே வேலை கொடுத்துக்கொண்டு வரைகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை முதலாம் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. மூன்றாம் ஆண்டு வரட்டும், டிகிரி முடியட்டும், தனி ஸ்டூடியோ கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டால் அது வரவே வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொன்னதும் வரும் முதல் எதிர்ப்பு, "முதல்ல பேசிக்ஸ் கத்துக்கோ, அப்புறம் சொந்தமா கிழிக்கலாம்" என்பது. சொல்பவர்கள் பலர் உண்மையிலேயே நன்றாக வரைபவர்கள், அதனால் இந்த வாதத்தைச் சும்மா ஒதுக்க முடியாது. அடிப்படை வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அடிப்படையையும் சொந்த வேலையையும் அடுத்தடுத்த இரண்டு வகுப்புகள் மாதிரி வரிசையில் வைப்பதுதான் தவறு என்கிறேன்.

வான்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியனாவது என்று அவர் முடிவெடுத்தது 1880-இல், 27 வயதில். பிற்பாடு 1886-இல் ஆண்ட்வெர்ப் அகாதமியில் சேர்ந்தார், சில வாரங்களிலேயே வெளியேறிவிட்டார். ஆனால் அடிப்படையைத் தாண்டிக் குதித்தவர் இல்லை அவர். சார்ல் பார்க் என்பவர் தயாரித்த ஓவியப் பயிற்சித் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஆசிரியர் யாரும் இல்லாமல், திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். 1882-இல் ஹேக் நகரில் இருந்தபோது, தூரக்காட்சி சரியாக வருவதற்காக நூல் கட்டிய மரச்சட்டம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். அதே காலத்தில்தான் தன்னைச் சுற்றியிருந்த உழைக்கும் மக்களையும் வரைந்துகொண்டிருந்தார். பயிற்சியும் சொந்தப் படமும் ஒரே மேசையில் நடந்தன. என்ன கற்க வேண்டும் என்பதை அவருடைய படமே அவருக்குச் சொன்னது.

வகுப்பில் கிடைக்காதது இதுதான். அங்கே ஜாடியை வைப்பது ஆசிரியர். பின்னால் துணியைத் தொங்கவிடுவது ஆசிரியர். எத்தனை ஷீட், எந்த மீடியம், எப்போது முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. அவர் மேல் தப்பே இல்லை, அது அவர் வேலை. நாம் கற்பது "எப்படி வரைவது". "எதை, எதற்காக வரைவது" என்ற பாதி நம்மிடம் கேட்கப்படுவதே இல்லை. கேட்கப்படாத கேள்விக்கு நாலு வருடம் கழித்துத் திடீரென்று பதில் எங்கிருந்து வரும்?

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், அதற்கு என் அப்பா காரணம். அப்பா சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட். கடைப் பலகை, கட்சிச் சுவர், லாரியின் பின்பக்கம் என்று எங்கள் ஊரில் அவர் கை படாத இடம் குறைவு. பென்சில் கோடு போடாமலே எழுத்துக்கு இடைவெளி பிரிப்பார். என் வகுப்பில் யாருக்கும் அந்தக் கை இல்லை, எனக்கும் இல்லை. அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு நாள் முழுக்க நின்று எழுத வேண்டியதை மெஷின் சில நிமிடத்தில் துப்பியது. ஆர்டர் குறைந்தது, பிறகு நின்றே போனது. இப்போது ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, "உங்களுக்குன்னு ஏதாவது வரைஞ்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்டேன். "ஆர்டர் இல்லாம எதுக்கும்மா வரையணும்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

அப்பாவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அந்த ஆர்டர்களில்தான் எங்கள் வீடு நின்றது. ஆனால் சப்மிஷனும் ஒரு வகை ஆர்டர்தானே? அதற்கு மட்டுமே வரைந்து பழகிய கை, சப்மிஷன் நின்ற அன்றைக்கு என்ன செய்யும்? நம்மை விட நன்றாக வரைந்த சீனியர்கள், படிப்பு முடிந்ததும் பென்சிலைத் தொடாமல் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

"வயித்துப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. நம் ஊரிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கம் பக்கம் சோழமண்டல் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானம் சோறு போட்டது, மீதி நேரத்தில் தங்கள் ஓவியத்தையும் சிற்பத்தையும் செய்தார்கள். விற்கிற வேலை, சொந்த வேலை இரண்டும் ஒரே நாளுக்குள் இருக்க முடியும் என்று காட்டிவிட்டார்கள். வருமானத்துக்காகச் செய்வதை அவர்கள் கேவலமாக நினைக்கவில்லை. அதே சமயம், அது மட்டுமே போதும் என்றும் இருந்துவிடவில்லை.

சரி, அறிவுரை போதும், நடைமுறைக்கு வருகிறேன். நான் இருப்பது மகளிர் விடுதியில், ஓர் அறைக்கு நாலு பேர். டர்பன்டைன் வாசனை வந்தால் அறைத்தோழிகள் என்னையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவார்கள், அதனால் ஆயில் கலர் கிடையாது. சார்கோலும் போஸ்டர் கலரும்தான். கட்டிலுக்கு அடியில் இரண்டடிக்கு மூன்றடி ப்ளைவுட் துண்டு ஒன்று இருக்கிறது. அதை இழுத்து மடியில் வைத்தால் ஸ்டூடியோ திறந்தாகிவிட்டது. செவ்வாய், வியாழன் மாலையும் ஞாயிறு காலையும், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் இருப்பதால் மாதச் செலவு 300 ரூபாயைத் தாண்டுவதில்லை.

வரைவது ஒரே விஷயம்தான். எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைக்கிற பிளாஸ்டிக் குடங்கள். மொட்டை மாடியில் இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். மூன்று மாதம் வேறு எதையும் தொடுவதில்லை என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. முதல் பத்து படங்கள் வெறும் பச்சை, நீல உருண்டைகள். இருபதைத் தாண்டியபோதுதான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. எந்தக் குடத்துக்கும் கழுத்து நேராக இல்லை. அடையாளத்துக்காக ஒன்றில் சிவப்பு நூல், இன்னொன்றில் நெயில் பாலிஷ் புள்ளி. குடத்தை வைத்துவிட்டுப் போனவர் அங்கே இல்லாவிட்டாலும், அவருடைய இடம் அங்கே இருக்கிறது. ஆள் இல்லாமலே ஆட்களை வரையலாம் போலிருக்கிறதே என்று தோன்றிய அந்த மாலைதான் எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. கூடவே, நீள்வட்டம் சரியாகப் போட வராது என்பதும் தெரிந்தது. அடுத்த நாள் ஸ்டில் லைஃப் வகுப்பில் ஜாடியின் வாயை நான் பார்த்த பார்வையே வேறு.

ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தால் அலுத்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு, இத்தாலியில் ஜார்ஜோ மொராண்டி என்று ஒருவர் இருந்தார். 1964-இல் இறந்தவர். போலோன்யா நகர வீட்டில் படுக்கையறையையே ஸ்டூடியோவாக வைத்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் பாட்டில்களையும் ஜாடிகளையும் கிண்ணங்களையும் இடம் மாற்றி மாற்றி வைத்து வரைந்தார். அவருக்கு அலுக்கவில்லை. நமக்கு மூன்று மாதம் ஒரு பெரிய விஷயமா?

இன்னும் இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். ஒன்று, முடித்த ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுத வேண்டும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மாடியில் பரப்பி, மூன்றை மட்டும் எடுத்து வைத்து, அந்த மூன்று ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். மார்க் போட ஆள் இல்லாத இடத்தில் இதுதான் என் வைவா. இரண்டு, மூன்று மாதம் முடியும் வரை இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. லைக் வாங்குவது பாவம் என்று சொல்லவில்லை. எந்தக் குடத்துக்கு லைக் அதிகமோ அந்தக் குடத்தையே மறுபடி வரையத் தோன்றும். அதுவும் ஒரு ஆர்டர்தான், என்ன, காசு மட்டும் வராது :-)

இப்படிச் செய்தால் பெரிய ஓவியர் ஆகிவிடுவோமா என்றால், அதற்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை. குடங்கள் வெறும் குடங்களாகவே முடிந்து போகலாம். ஆனால் நாலாவது வருடம் "உன் வேலையைக் காட்டு" என்று யாராவது கேட்கும்போது, சப்மிஷன் ஃபைலைத் தவிர ஒரு கட்டுத் தாள் கையில் இருக்கும். அதற்கு அடுத்த வருடம் கேட்க யாருமே இல்லாதபோதும், செவ்வாய்க்கிழமை மாலை என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்திருக்கும்.

வகுப்புத் தோழர்களே, பாக்கி ஷீட்களை முடியுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்! அதோடு இந்த வாரம் உங்கள் அறையிலோ தெருவிலோ ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மொட்டை மாடியில் எல்லோருடைய தாள்களையும் சேர்த்துப் பரப்பிப் பார்ப்போம். காற்றில் பறக்காமல் இருக்க நாலு செங்கல் நான் கொண்டு வருகிறேன்.